சுற்றிப் பார்க்க வந்தவள்

வருகையின் நோக்கம் என்ற கட்டத்தில்
ஏஜென்ட்டே எழுதி அனுப்பியிருந்தான்:
சுற்றிப் பார்க்க.

சுற்றித்தான் பார்த்தேன்.
டிரைவிங் ஸ்கூலில்
ரெசிடென்ஸ் இருந்தால்தான் ஃபைல் திறப்போம் என்றார்கள்.
ஸ்கூல் வேன் கம்பெனியில்
லைசென்ஸ் இருந்தால்தான் விசா அடிப்போம் என்றார்கள்.
அஜ்மானில் இந்த இரண்டு கண்ணாடிக் கதவுகளுக்கும் நடுவே
ஒரு ரவுண்டானா.
அம்மன் கோயிலாய் இருந்திருந்தால்
நான் சுற்றிய சுற்றுக்கு
அவளே இறங்கி வந்திருப்பாள்.

பதினோரு வருஷம் குட்டியானை ஓட்டியவள்.
குளச்சலில் மூன்று மணிக்கு மீன் ஏற்றினால்
வெளுக்குமுன் மார்த்தாண்டம் சந்தையில் இறக்கிவிடுவேன்.
குறுகல் வளைவில்
எதிரே வரும் பஸ்காரன்தான் ஒதுங்குவான்.
இங்கே ரோட்டைக் கடக்கவே
எந்தப் பக்கம் முதலில் பார்ப்பது என்று
நின்று யோசிக்கிறேன்.

டைப்பிங் சென்டர் சித்தீக், திரூர்க்காரன், சொன்னான்:
"சேச்சீ, முதலில் கிளீனிங் விசா.
கார்டு கைக்கு வரட்டும்.
வண்டி எங்கேயும் ஓடிப் போகாது."
அறுபது நாளில் பதினாலு மிச்சமிருக்க
ஒரே மத்தியானத்தில்
சுற்றுலாப் பயணி தீர்ந்து
துப்புரவுப் பணியாளர் ஆனேன்.
கட்டணம்: வளையலில் ஒன்று.

ஊர் லைசென்ஸை அரபிக்கு மாற்றினான்.
வாசி என்றேன். புஷ்பலீலா என்றான்.
அதுதானே என் பேர்?
இல்லை சேச்சீ, அரபியில் உங்கள் எழுத்து கிடையாது,
உதடு வெடிக்காது,
தொண்டையிலிருந்து கொஞ்சம் கனத்து வரும்.
மகனுக்கு எழுதலாமென்று போனை எடுத்தால்
தமிழில் இரண்டுக்கும் ஒரே ப.
பேர் மாறிப்போனதைப்
பேரெழுதிக் காட்ட வழியில்லை.

ரத்தம் எடுத்தார்கள். நெஞ்சைப் படமெடுத்தார்கள்.
விரல்ரேகைக்குத்தான் மெஷின் முகம் திருப்பிக்கொண்டது.
ஐஸும் உப்பும் தின்றது போக
பத்து விரலும் கூழாங்கல்.
கவுண்டரிலிருந்த பெண்
தன் கைப்பையைத் திறந்து கிரீம் எடுத்து
ஒவ்வொரு விரலாய்த் தடவிவிட்டாள்.
அவள் ஒன்றும் பேசவில்லை.
பேசியிருந்தாலும் எனக்குப் புரிந்திருக்காது.
நாலாவது தடவை பச்சை விளக்கு.
அன்று முழுக்க என் கை ஊத் மணத்தது.
அடியில் மீன் வாடை
எனக்கு மட்டும் தெரிந்தது.

கார்டு வந்தது.
படத்தில் யாரையோ முறைத்துக்கொண்டிருக்கிறேன்.

பிறகு டெஸ்ட்.
ஏறப் போனதே தப்பான கதவு;
உள்ளே இன்ஸ்பெக்டரம்மா உட்கார்ந்திருந்தார்.
கியரைத் தேடிய இடது கை
கதவில் இடித்தது, ஒருமுறை அல்ல.
தோளுக்குப் பின்னே திரும்பிப் பார் என்றார், பார்த்தேன்.
லேன் மாறும்போது மட்டும்
பழக்கத்தில் ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி
பின்னால் வருகிறவனை
"பொறு மக்கா" என்று அமர்த்திவிட்டேன்.
அவர் பேனா மூடியைத் திறந்தார்.

எட்டு வகுப்பு மறுபடியும்.
இன்னொரு வளையல்.

விடிகாலை கம்பெனி பஸ்ஸில்
டிரைவருக்குப் பின்சீட் என்னுடையது.
பெஷாவர்க்காரர், குல்ஸமான் பாய்.
அவர் பிரேக் பிடிக்குமுன்
என் வலது கால் பிடித்துவிடுகிறது.
கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார்.
இறங்குமிடம் அதே ஸ்கூல் வேன் கம்பெனி;
அதே கண்ணாடிக் கதவு, இப்போது துடைப்பது நான்.
வேன்களையும்தான்.
சீட்டிடுக்கில் பென்சில் துண்டு, பாதி பிஸ்கட்,
ஒற்றை ஹேர்கிளிப்.
எல்லாம் கூட்டி எடுத்தபின்
டிரைவர் சீட்டைத் துடைக்கும் சாக்கில்
கொஞ்சநேரம் உட்காருவேன்.
இடது கையை மடியில் அடக்கி வைத்து
வலது கையால்
ஒன்று, இரண்டு.

சாவி இல்லை.
நாலாவது கியர் வரை போய்
வருகிறேன்.